ஐந்து மடங்கு எதில்?

1987 பிப்ரவரி 9, திங்கள்

காலை எட்டு மணிக்கே வெயில். மாசி இன்னும் பிறக்கவில்லை. மேலூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். செருப்பு வார் அறுந்தது. தைக்க வேண்டும்.

ஆபீஸ் வாசலில் மரப்பெட்டி. புதுக் கம்ப்யூட்டர் மெட்ராஸிலிருந்து வந்தாயிற்று! எங்கள் சர்வீஸ் மெக்கானிக் காதர் அண்ணன் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். நான் திரையைத் தொடப் போனேன்.

"தங்கச்சி, கைய எடு. ஸ்டெபிலைசர் மாட்டாம யாரும் பக்கத்துல வரக்கூடாது."

கூடவே விளம்பரத் தாள்கள், ஒரு கட்டு. வழவழப்பான காகிதம். "பழைய மாடலைவிட ஐந்து மடங்கு வேகம்." மேனேஜர் அதை இரண்டு முறை சத்தமாகப் படித்தார். மெட்ராஸ் ஹெட் ஆபீஸ் அனுப்பிய டெமோவைப் போட்டோம். எண்கள் திரையில் அருவி மாதிரி கொட்டின. பழைய மெஷினில் அதே டெமோ. கைக்கடிகாரம் வைத்துப் பார்த்தேன். ஏறக்குறைய ஐந்து மடங்குதான். எல்லோருக்கும் டீ.

மதியம் மகளிர் கல்லூரியிலிருந்து கடிதம். வெள்ளிக்கிழமை காலை அங்கே டெமோ. கம்ப்யூட்டர் வாங்கப்போகிறார்களாம், போட்டிக்கு இன்னொரு கம்பெனியும் வருகிறது. கூட ஒரு பிளாப்பி: 1,140 மாணவிகள், ஆறு பாட மார்க். கூட்டி, தர வரிசைப்படுத்தி, அச்சடித்துத் தர வேண்டுமாம். கணிதத் துறைத் தலைவி எஸ்தர் மிஸ் எங்கள் விளம்பரத் தாளையும் திருப்பி அனுப்பியிருக்கிறார். 'ஐந்து மடங்கு' என்பதன் கீழே சிவப்பு மையில் ஒரே சொல்: "எதில்?"

மேனேஜர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல கேள்வி.

பிப். 10, செவ்வாய்

மார்க் வேலைக்கு ப்ரோகிராம் எழுதினேன். இரண்டு மெஷினிலும் ஓட்டினேன்.

பழையது 39 நிமிடம்.
புதுசு 20.

மறுபடி ஓட்டினேன். அதே. இரண்டு மடங்குகூட முழுசாக இல்லை.

நேரம் குறித்த தாளை மேனேஜரிடம் காட்டினேன்.

"இத உள்ள வைம்மா சுந்தரி. நாம டெமோவ மட்டும் ஓட்டுவோம்."

"அவங்க பிளாப்பி குடுத்திருக்காங்களே சார்."

"அந்தக் கம்பெனிக்காரன் எட்டு மடங்குங்கறான். நீ போய் ரெண்டு மடங்குன்னு சொல்லுவியா?"

"ஓட்டிக் காட்டுனா தெரிஞ்சிடும் சார்."

கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். இந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் மதுரை ஆபீஸை மூடப்போகிறார்களாம். மெட்ராஸ் முடிவு செய்துவிட்டது. அவருக்கு மெட்ராஸில் வேறு இடம் இருக்கிறது. காதர் அண்ணனுக்கும் எனக்கும் இல்லை. பயமுறுத்தச் சொல்லவில்லை, பாவம். அவர் முகமும் செத்துத்தான் கிடந்தது.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

பிப். 11, புதன்

செருப்பு தைத்தாயிற்று.

மூன்று வேலையையும் தனித்தனியாக நேரம் பார்த்தேன்.

பிளாப்பி படிக்க: இரண்டிலும் 4 நிமிடம்.
கூட்டி வரிசைப்படுத்த: பழையது 24, புதுசு 5.
அச்சடிக்க: இரண்டிலும் 11. ஒரே பிரிண்டர்.

ஆக, பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை! கணக்கில் மட்டும் ஐந்து மடங்கு. காதர் அண்ணனிடம் காட்டினேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"பஸ்சு எம்புட்டு வேகமா ஓடுனா என்ன தங்கச்சி? ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு ஒவ்வொரு ஆளா ஏத்துனா வீடு போய்ச் சேர மாட்ட."

அதேதான். என் ப்ரோகிராம் பிளாப்பியிலிருந்து ஒவ்வொரு பெண்ணாக எடுத்துக்கொண்டிருந்தது. மொத்தமாக அள்ளிக்கொள்ளும்படி மாற்றினேன். வரிசைப்படுத்தும்போது ஒருத்தியின் பெயர், மார்க் எல்லாவற்றையும் தூக்கித் தூக்கி வைக்காமல் அவளுடைய நம்பரை மட்டும் நகர்த்தினேன். படிக்க 1, கணக்குக்கு 1, அச்சுக்கு 11. மொத்தம் 13!

ஆபீஸில் யாரும் இல்லை. எழுந்து நின்று கை தட்டிக்கொண்டேன்.

பிறகு பட்டியலை முதலிலிருந்து கடைசிவரை கண்ணால் படித்தேன். சில இடங்களில் மார்க்குக்குப் பதில் 'வரவில்லை' என்று இருக்கிறது. அதற்கும் வழி செய்தேன். இரண்டு பேர் ஒரே மார்க் வாங்கினால்? அதற்கும்.

பிப். 12, வியாழன்

ஜலதோஷம். கஷாயம்.

மேனேஜரிடம் 13 நிமிடம் என்றேன். துள்ளினார். "அப்ப அஞ்சு மடங்குன்னே ஆரம்பிச்சிடு." முடியாது என்றேன். இதே ப்ரோகிராமைப் போட்டால் பழைய மெஷினும்தான் வேகமாகும். "நாளைக்கு வாயத் திறக்கறதுக்கு முன்னாடி என் முகத்தப் பாரு" என்றார். பிளாப்பியை உறையில் போட்டுப் பைக்குள் வைத்தேன்.

பிப். 13, வெள்ளி

ஒரே சந்தோஷம். வரிசையாக எழுதுகிறேன்.

கல்லூரி அரங்கம். நானூறு பெண்களாவது இருப்பார்கள், ஜன்னலில் வேறு. எஸ்தர் மிஸ் ஒல்லி, வெள்ளைச் சேலை, மெதுவான குரல். விளையாட்டு டீச்சர் ஓட்டப் பந்தய ஸ்டாப்வாட்சோடு முன் வரிசையில்!

முதலில் அந்தக் கம்பெனிக்காரர். டை கட்டியிருந்தார். திரையில் வட்டம், பூ, ராக்கெட். பெண்கள் 'ஓ' என்றார்கள். "எட்டு மடங்கு வேகம்" என்றார். எஸ்தர் மிஸ் பிளாப்பியை நீட்டினார். ஓடியது. ஆறாவது நிமிடம் நின்றுவிட்டது. 'வரவில்லை' என்ற இடத்தில்தான். எனக்கு உடனே புரிந்தது. அவர் கரண்டைக் குறை சொன்னார்.

"கரண்டு இருநூத்தி இருபது நிக்குது சார். மீட்டரு என் கையில இருக்கு" என்றார் பின்னாலிருந்து காதர் அண்ணன். ஒரே சிரிப்பு.

அடுத்து நான். மேனேஜரின் முகத்தைப் பார்க்கவில்லை.

"எங்க விளம்பரத்துல அஞ்சு மடங்குன்னு போட்டிருக்கு. கணக்குப் போடுறதுல அது உண்மை. பிளாப்பி படிக்கிறதுலயும் அச்சடிக்கிறதுலயும் பழைய வேகம்தான். இந்த வேலைய மொத்தமாப் பாத்தா ரெண்டு மடங்குக்குக் கொஞ்சம் கம்மி. ப்ரோகிராம மாத்தி எழுதினதால பதிமூணு நிமிசத்துல முடியும்."

எஸ்தர் மிஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பதிமூன்றா? சரி, ஆரம்பியுங்கள்."

பிரிண்டர் கரகரவென்று. பத்து நிமிடம் ஆனதும் பின் வரிசைப் பெண்கள் எழுந்து நின்றார்கள். கடைசி வரி விழுந்ததும் விளையாட்டு டீச்சர் கத்தினார்: "பன்னெண்டு நிமிசம் அம்பத்தோரு செகண்டு!"

விசில். அந்தக் கல்லூரியில் விசில்! யாரும் அடக்கவில்லை.

எஸ்தர் மிஸ் மட்டும் சிரிக்காமல் காகிதத்தை விரலால் தடவிக்கொண்டே போனார். மூன்றாவது இடத்தில் நிறுத்தினார். இரண்டு பெண்கள், ஒரே மார்க்.

"ரெண்டு பேருக்கும் மூணாவது இடம். அடுத்தவளுக்கு?"

"அஞ்சாவது மிஸ்."

அப்போதுதான் சிரித்தார். "இதை நான் வேண்டுமென்றேதான் வைத்தேன்."

காதர் அண்ணன், "மாஷா அல்லாஹ், ஜும்மாவுக்கு நேரமாச்சு" என்று தொப்பியைத் தேடிக்கொண்டே ஓடினார். கண் கலங்கியிருந்தது. நான் பார்த்துவிட்டேன்.

பிப். 14, சனி

ஜலதோஷம் போன இடம் தெரியவில்லை.

பதினோரு மணிக்குக் கல்லூரி பியூன் சைக்கிளில். ஆர்டர் கடிதம். ஒன்றில்லை, மூன்று மெஷின்! கீழே எஸ்தர் மிஸ் கையெழுத்தில்: புதன்தோறும் சுந்தரி வந்து எங்கள் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டும்.

மேனேஜர் மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டார். "ஆமா சார், உண்மையச் சொல்லித்தான் சார் வாங்கினோம்," என்று அவரே யோசித்த மாதிரி. சொல்லட்டும். போனை வைத்ததும் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆபீஸ் மூடாது.

சாயங்காலம் வீடு. அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் சொன்னேன். பிளாப்பியும் பிரிண்டரும் அவளுக்குத் தேவைப்படவில்லை.

"எம்புட்டுப் பேரு இருந்தாக?"

"நானூறு பேரும்மா."

"அம்புட்டுப் பேரும் உன்னையவா பாத்தாக?"

"ஆமாம்மா."

கல் காய்ந்து புகைந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். "மொதல்ல இருந்து சொல்லு."