குழிக்கு இரண்டடியில் கிடந்த பந்து

என் அருமை மச்சான் சூசைக்கு,

சுகமா என்று கேட்க எனக்கு வாய் கூசுகிறது. நீ செத்துப் பத்து வருடமாகிறது. கல்லறைத் தோட்டத்தைத் தாண்டும்போதெல்லாம், ஏதோ அவசர வேலை இருப்பவன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவேன். இன்றைக்குத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இதை நாலு பேர் கேட்கப் போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

முதலில் எஸ்டேட் செய்தி. இலங்கைத் துரைமார் மறுபடியும் கப்பலேறி வருகிறார்கள். அவர்களுக்கும் நம் திருவிதாங்கூர்த் துரைமாருக்கும் வருகிற புதன்கிழமை கோல்ஃப் போட்டி தொடங்குகிறது. பக்கத்துக்கு நாலு பேர், ஒரு வெள்ளிக் கோப்பை. எல்லோரும் அமெச்சூர், அதாவது காசுக்கு ஆடாத கனவான்கள். எங்கள் துரை அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவருக்கு நெஞ்சு இரண்டு விரல் விரியும்.

ரப்பர் தோட்டத்துக்கு மேலே அந்தக் குன்றில் இப்போது புல் இன்னும் நன்றாகப் பிடித்திருக்கிறது. துரைமாரின் மட்டைப் பை தூக்குகிறவர்களுக்கு நான்தான் கங்காணி. வெள்ளைக் கோட்டு, தலைப்பாகை, எஸ்டேட் வீடு எல்லாம் உண்டு. இவையெல்லாம் எனக்கு எந்த மாதத்தில் வந்தன தெரியுமா? உன்னை அடக்கம் செய்த அதே மாதத்தில்.

உன்னை அங்கே கூட்டிப் போனவனும் நான்தான். இனயத்துப் பாறையில் அடித்து உன் கட்டுமரம் சிதறிய வருடம் அது. வேறு மரம் செய்ய வழியில்லாமல் நீ கரையில் உட்கார்ந்திருந்தாய். கடற்கரை ஆளுக்கு மலையில் என்ன வேலை என்று என் தங்கை ரோசம்மாள் கேட்டாள். கடலில் வெகு தூரத்தில் தண்ணீர் கறுப்பதைப் பார்த்து இன்ன மீன் வருகிறது என்று சொல்கிற கண் உனக்கு. வானத்தில் போகிற வெள்ளைப் பந்து உனக்கு ஒரு பெரிய காரியமா என்று நான் அவளைச் சமாதானப்படுத்தினேன். ஒரே வாரத்தில் துரைமார் உன்னைப் பிடித்துக்கொண்டார்கள். புதருக்குள் போன பந்தை நீ நேரே போய் எடுத்து வருவாய். உன் பேர் மட்டும் அவர்களுக்குக் கடைசிவரை தெரியாது. உன் கையில் கட்டிய சிவப்புப் பட்டையில் ஏழு என்று நம்பர் போட்டிருந்தது, அதுதான் உன் பேர்.

இலங்கைத் துரைமார் அப்போது வந்து ஆடிய போட்டியின் இரண்டாம் நாள் ஆட்டத்தை நீ மறந்திருக்க மாட்டாய். ஒரு பக்கத்துக்கு இரண்டு பேர், ஒரே பந்து, மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். எங்கள் துரையின் பை என் தோளில், அவருடைய கூட்டாளியின் பை உன் தோளில். இரண்டு நாட்டுக்கும் கணக்குச் சமமாக நின்றது. மூன்று குழிதான் பாக்கி.

குன்றுக்கு அந்தப் பக்கம் குழி இருந்தது. அடிக்கிற இடத்திலிருந்து பார்த்தால் தெரியாது. பையை வைத்துவிட்டு மேலே ஏறி நில், பந்து விழும் இடத்தைப் பார்த்துச் சொல் என்று உன்னை அனுப்பினேன். நீ வலப்பக்கமாக நின்றாய். நான் துண்டை வீசி இடப்பக்கம் தள்ளி நிற்கச் சொன்னேன். நீ அப்படியே தள்ளி நின்றாய். துரை சொல்லவில்லை மச்சான், நான்தான் சொன்னேன்.

எங்கள் பக்கம் அடித்த பந்து உன் நெற்றிப்பொட்டில் பட்டது. முற்றிய தேங்காய் தரையில் விழுகிற சத்தம் கேட்டது. ஓடி வந்து பார்த்தால் நீ மல்லாந்து கிடக்கிறாய், ஒரு காதில் ரத்தம். பந்து உன் மேல் பட்டுத் தெறித்து, உருண்டு போய்க் குழிக்கு இரண்டடியில் கிடக்கிறது. அந்த நிலையிலும் நீ உன் வேலையை விடவில்லை.

"மச்சான், பந்து குழிக்கிட்டக் கெடக்கு. பாத்துக்கிடும்."

இங்கேதான் அவர்களுடைய விதியைச் சொல்ல வேண்டும். அடித்த பந்து தன் பக்கத்துப் பைக்காரன் மேல் பட்டால் அந்தக் குழி தோல்வி. மாட்டின் மேலோ வழிப்போக்கன் மேலோ பட்டால் குற்றமில்லை, பந்து கிடக்கிற இடத்திலிருந்து மேற்கொண்டு ஆடலாம். அதாவது நீ எங்கள் ஆள் என்றால் துரைக்குத் தோல்வி. நீ மாடு என்றால் வெற்றி.

எங்கள் துரை எனக்குப் பின்னால் வந்து நின்றார். மற்றவர்கள் இன்னும் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள். "பாக்கியம், அந்தத் துணி எடு" என்றார், தணிந்த குரலில். எந்தத் துணி என்று நான் கேட்கவில்லை. உன் கைப்பட்டையை அவிழ்த்து என் மடியில் செருகினேன். முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன். பிறகு கீழே இறங்கிப் போய் நீ வைத்த பையையும் எடுத்து என் மறுதோளில் மாட்டிக்கொண்டேன்.

இலங்கைத் துரை ஒருவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்துப் பக்கம் புரட்டினார். நீ மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடந்தாய். தண்ணீர் கொடு என்று எவரும் சொல்லவில்லை. தீர்ப்பு ஆகும்வரை எதையும் தொடக்கூடாது என்றுதான் எல்லோரும் நின்றார்கள். இரண்டு நாள் கூடவே நடந்தவர்களுக்கு உன்னை அடையாளம் தெரியாதா என்று நீ கேட்கலாம். தெரியவில்லை. பட்டை இருந்தால் பைக்காரன், இல்லாவிட்டால் யாரோ. நம் முகத்தை அவர்கள் எப்போது பார்த்தார்கள்?

நடுவராக வந்த கிழத் துரைக்குத் தமிழ் தெரியும். இந்த ஆள் உங்கள் பைக்காரனா என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தெரியாது துரை" என்றேன். "வெறகு பெறக்க வந்தவனா இருக்கும்."

எங்கள் துரைக்கு வேண்டியிருந்தது 'தெரியாது' என்ற ஒரே சொல்தான். விறகு நானாகச் சேர்த்தது. பொய் நம்பும்படியாக இருக்க வேண்டுமே என்ற அக்கறை எனக்கு. நீ அதைக் கேட்டுவிட்டாய். உன் கண் மெதுவாக என் பக்கம் திரும்பியது. நினைவு தப்பித்தான் இருந்திருப்பாய், காதில் விழுந்திருக்காது என்று பத்து வருடமாக எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். மனசு நம்பவில்லை.

குற்றமில்லை என்று தீர்ப்பானது. அடுத்த அடியில் பந்து குழிக்குள் போனது. கை தட்டினார்கள், ஆனால் மெதுவாக, உன்னை முன்னிட்டு மரியாதையாக. மீதிக் குழிகளையும் ஆடி முடித்தார்கள். அதன் பிறகுதான் உன்னைக் கட்டிலில் வைத்துத் தூக்க ஆள் வந்தது. கீழே வண்டிப்பாதைக்கு வருவதற்குள் நீ போய்விட்டாய்.

கோப்பையோடு எடுத்த போட்டோ கிளப்புச் சுவரில் தொங்குகிறது. ஓரத்தில் நான் நிற்கிறேன், இரண்டு தோளிலும் இரண்டு பை. அதைத் தாண்டிப் போகிற எவனுக்காவது, இவன் ஏன் ஒருத்தனாக இரண்டு பை சுமக்கிறான் என்று கேட்கத் தோன்றியதா?

போலீஸ் ரைட்டர் வந்தார். நான் சொன்னதையே அவரும் எழுதிக்கொண்டார். எழுதும்போது 'விறகு பொறுக்க' என்பது 'விறகு களவாட' என்று ஆனது. நான் எதிரே நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வேலையில் செத்தவன் பெண்டாட்டிக்கு எஸ்டேட்டில் ஏதாவது செய்வார்கள். கள்ளன் பெண்டாட்டிக்கு என்ன செய்வார்கள்? ரோசம்மாள் கயிறு திரிக்கப் போனாள். சனிக்கிழமைதோறும் நான் அரிசி கொண்டுபோய் இறக்கினேன். இப்படி ஒரு அண்ணன் கிடைக்க வேண்டுமே என்று தெருவில் என்னைப் புகழ்ந்தார்கள். நானும் அதைச் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டேன்.

உன் மகள் பிலோமினாவுக்கு அப்போது ஏழு வயது. இப்போது பதினேழு. அதே கண், உன்னைப் போலவே எதையும் தூரத்திலேயே பார்த்துவிடுவாள். புதுக்கடை ஊரில் கருவாட்டு வியாபாரம் செய்கிற நல்ல குடும்பம் ஒன்று போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெண் பார்க்க வந்தது. பையனுக்கு அவளைப் பிடித்துப்போனது முகத்திலேயே தெரிந்தது. அப்போது பையனின் தாய்மாமன், தப்பாக எதுவும் சொல்கிற எண்ணமே இல்லாமல், காப்பியை ஊதிக்கொண்டே கேட்டார்.

"பிள்ளைக்க அப்பன், எஸ்டேட்டுல வெறகு களவாண்டப்பம் அடிபட்டுச் செத்தவருதானே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டில் பெரிய ஆண்பிள்ளை நான்தானே. வாயில் கிடந்த நேந்திரங்காய் வறுவலை மென்று விழுங்கினேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. மறுநாள் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அன்று பகல் ரோசம்மாளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அழுவாள், என் முகத்தில் துப்புவாள், சட்டியைத் தூக்கி எறிவாள் என்று எதற்கும் தயாராகத்தான் போயிருந்தேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள். "ஏழாம் நாளு பூசைக்கு வந்தப்பமே மத்த பைக்காரம்மாருக்க பெண்டுவ சொல்லிட்டுத்தான் போனாவ."

பத்து வருடமும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். அதைக் கேட்க எனக்கு என்ன தைரியம் பார்.

"ஒமக்க அரிசி வேண்டியிருந்து. பிள்ளைக்குப் பசிக்குமில்லா. நீரே சொல்லுவீருன்னு ஒவ்வொரு சனியாச்சையும் பாத்தேன். மூட்டைய எறக்குவீரு, தொடச்சுக்கிட்டுப் போவீரு."

களைந்த தண்ணீரை வடித்துவிட்டு அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

"எனக்கிட்டச் சொல்லி ஒமக்க பாரத்தை எறக்காண்டாம். புதுக்கடைச் சந்தையில நின்னு சொல்லும், அந்தக் கருவாட்டுக்காரருக்க காதுல விழணும். சொன்னாலும் இனி இந்த வாசலுக்கு வராண்டாம். அரிசியும் வேண்டாம்."

பிலோமினா கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். நான் வெளியே வந்ததும் அவள் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "மாமா, முக்காம மொனங்காமச் சொல்லும்." அவள் குரலில் கோபம்கூட இல்லை. வேலைக்காரனுக்கு வேலை சொல்கிற குரல் அது.

அதனால்தான் மச்சான் இந்தக் கடிதம். மனப்பாடமாகச் சொன்னால் நடுவில் எங்கேயாவது எனக்குச் சாதகமாக ஒரு சொல்லைச் சேர்த்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். எழுதியதை எழுதியபடி படிக்கப் போகிறேன்.

புதன்கிழமை காலை துரைமார் முதல் பந்தை வைக்கும்போது கங்காணியைத் தேடுவார்கள். நான் சந்தையில் நிற்பேன். சாயங்காலத்துக்குள் எஸ்டேட் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். அது எனக்கு வேண்டியதுதான். ஆனால் சனிக்கிழமை உன் வீட்டு உலையில் என்ன விழும்? உன் பேரைத் திருப்பிக் கொடுக்கிற அன்றைக்கே உன் பெண்டாட்டி பிள்ளையின் சோற்றையும் பிடுங்குகிறேன். பொய் சொன்னபோதும் அவர்களைத்தான் அடித்தேன். உண்மையைச் சொன்னாலும் அடி அவர்கள் மேல்தான் விழுகிறது. பிலோமினாவின் கல்யாணம் திரும்பி வருமா என்பதும் எனக்குத் தெரியாது.

நீ மன்னிக்க வேண்டாம். நான் கேட்கவும் மாட்டேன். ஒரே ஒரு வாக்குத்தான் தருகிறேன். புதன்கிழமை சந்தை கூடுகிற நேரத்தில், மீன்காரிகள் எல்லோரும் நிமிர்ந்து பார்க்கிற மாதிரி உன் பேரை உரக்கச் சொல்லுவேன். சூசை கள்ளன் இல்லை, வேலையில் நின்று செத்தவன், அவனைக் காட்டிக்கொடுத்தவன் நான் என்று சொல்லுவேன். அவன் உனக்கு யார் என்று எவனாவது கேட்டால், இந்தத் தடவை தெரிந்த பதிலைச் சொல்லுவேன்.

இப்படிக்கு,
உன் ரோசம்மாளுடன் ஒரே வயிற்றில் பிறந்தவன்,
உன் மச்சான்,
பாக்கியநாதன்