இனிப்பை விட்டவருக்குப் பூச்சி வராது என்றோம்

முகக்கவசம் இனிக் கட்டாயமில்லை என்று அறிவித்த வருஷம் நீங்கள் போனீர்கள், அண்ணே. ஊரே வாயைத் திறந்து மூச்சுவிட்டபோது உங்களுக்கு ஆஸ்பத்திரியில் குழாய் வைத்திருந்தார்கள். எழுத்தறியாத நான் சொல்லச் சொல்ல என் மகள் இதை எழுதுகிறாள்.

இன்று காலை குளிக்கும்போது இடுப்பு அரித்தது. கண்ணாடியில் பார்த்தேன். நூல் கனத்தில் சிவப்பாக ஒரு கோடு. போட்டு வைத்த கோப்பி ஆறுவதற்குள் அது ஒரு விரல் நகர்ந்திருந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உங்கள் இடுப்பில் ஓடிய அதே கோடு.

சுங்கை பினாங்கில் நம் பிளாட்டுக்குக் கீழே கோப்பிக் கடையில் சட்டையைத் தூக்கிக் காட்டினீர்கள். "பாருடா தம்பி, லைசென்ஸ் இல்லாம ஓடுறான்."

"பூச்சியா இருக்குமோ, அண்ணே?"

"இனிப்பு தின்னாத்தானே பூச்சி? எனக்கு இனிப்பு நீர் வியாதி வந்து பதினாறு வருஷமாச்சு. தே ஓ தேத்தண்ணி கூட சீனி இல்லாமத்தான். பூச்சி பட்டினியில செத்திருக்கும் லா!"

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. மிட்டாய் தின்றால் வயிற்றில் பூச்சி வரும் என்று அடித்துத்தானே நம்மை வளர்த்தார்கள்? "அப்ப டாக்டர்கிட்ட சொல்ல வேணாம்" என்றவன் நான்தான்.

பிறகு முழங்கால் வலிக்கு இரவுச் சந்தையில் மாத்திரை வாங்கினீர்கள். பொட்டலத்தில் ஓர் எழுத்துகூட இல்லை. "நமக்கேத்த மருந்துடா, படிக்கவே வேண்டாம்" என்று சிரித்தீர்கள். வலி பறந்தது. முகம் உப்பியது. இரண்டு மாதத்தில் வயிற்றுப்போக்கு, இருமல், காய்ச்சல். சளியில் பூச்சி நெளிகிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது நீங்கள் கண் திறக்கவில்லை.

கோட்டைப் பார்த்த கையோடு கிளினிக்குக்குப் போனேன். உங்கள் கதையையும் சொன்னேன்.

"செருப்பில்லாம ஈர மண்ணுல வேலை செஞ்சிருக்கீங்களா, அங்கிள்?" என்றார் டாக்டரம்மா.

பாலிக் புலாவ் ஜாதிக்காய்த் தோட்டத்தில் நாம் நாலு பேரும் புல் வெட்டியதைச் சொன்னேன். ஒதுங்கப் போனதும் அதே தோட்டம், அதே மழைச்சேறு.

"அப்போ கால் வழியா உள்ள போனது. அம்பது வருஷமானாலும் உள்ளேயே பெருகிக்கிட்டு இருக்கும். இனிப்பு நீர் இருக்கிற உடம்பு அதை அடக்கச் சிரமப்படும். அந்த மாத்திரையில ஸ்டீராய்டு கலந்திருக்கும், அது இருந்த கொஞ்ச பலத்தையும் எடுத்திருச்சு. உங்களுக்கு மருந்து இருக்கு, பயப்படாதீங்க."

எப்படிப் பயப்படாமல் இருப்பது? உங்களுக்கும் மருந்து இருந்திருக்கிறதே, அண்ணே, நான் அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால். மாத்திரையை விழுங்கிய பிறகும் இடுப்பைத் தடவிக்கொண்டே இருக்கிறேன். துணி உரசினால்கூடத் திடுக்கென்கிறது.

புறப்படும்போது டாக்டரம்மா கேட்டார். "கூட வேலை செஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?"

நீங்கள் இல்லை. முத்தையா உங்களுக்கு முன்னாலேயே போய்விட்டான். நாலாவது ஆள் செபராங் ஜெயாவில் மகன் வீட்டில். அவருக்கும் இனிப்பு நீர்தான். போன வாரம் போனில் இருமி இருமித்தான் பேசினார். இந்தத் தடவை மறைக்கவில்லை, அண்ணே. பெயரைச் சொன்னேன். உங்கள் சம்சாரம், லூர்துமேரி அண்ணி.