ஐந்தருவியிலிருந்து திரும்பும்போது மட்டும் குலுக்கும் கார்

தென்காசி,
சனிக்கிழமை, சாரல் விட்டுவிட்டு விழுகிறது

அன்பு மகள் அனுசியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பால் சௌக்கியம், மனதால் அவள் மட்டும் சௌக்கியம். அங்கே ஆக்லாந்து குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நன்றாகப் போர்த்திக்கொண்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பா கையால் எழுதுகிறாரே என்று பயந்துவிடாதே, வாட்ஸ்அப்பில் அனுப்பினால் உனக்கு முன்னால் உன் அம்மா படித்துவிடுவாள், அதனால்தான். முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐந்தருவியில் குளித்துவிட்டு நம் காரில் திரும்பும்போது, உன் அம்மா நடுவழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, பின்னால் வந்த ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி ஏறிவிட்டாள். வேறு பாதை இல்லாததால் நானும் அந்த ஆட்டோவுக்குப் பின்னாலேயே காரில் வர வேண்டியதாயிற்று. கார் ஒரு துள்ளு துள்ளும், பிறகு மூச்சை விட்டுவிட்டு நிற்பது போல் பாவனை செய்யும், மறுபடி துள்ளும். ஆட்டோவில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்த பெண்கள் ஊர் வரைக்கும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். அவர்கள் நடுவில் உட்கார்ந்து உன் அம்மாவும், யாரோ ஒரு ஆளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

சிரிப்போடு விட்டிருந்தால் பரவாயில்லை. நீ அடுத்த மாதம் பிள்ளையோடு திருவனந்தபுரத்தில் வந்து இறங்கும்போது, ஆரியங்காவு வழியாக என் பேத்தியை என் சொந்தக் காரில்தான் கூட்டி வருவேன் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்பது உனக்குத் தெரியும். அன்று வீட்டுக்குள் கால் வைத்ததும் உன் அம்மா, "பச்சப்பிள்ளைய இந்த வண்டில ஏத்த விடமாட்டேன், பால் குடிச்ச பிள்ள தயிராத்தான் வந்து சேரும்" என்று சொல்லி, வாடகைக் காருக்குப் பேசி முடித்துவிட்டாள். வாசுதேவநல்லூரில் ஒரு ரிட்டையர்டு ஏட்டையாவிடம் இந்தப் பழைய டீசல் காரை வாங்கியதே உனக்காகத்தான். அதற்கும் அவள், "போற வாற வண்டியெல்லாம் நிப்பாட்டி நிப்பாட்டிச் சோதிச்ச மனுசன் வச்சிருந்தது, அந்தப் புத்திதான இதுக்கும் வரும்" என்கிறாள்.

மறுநாளே செங்கோட்டை ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் முஃபீத்திடம் கொண்டு போனேன், டீசல் வண்டி என்றால் நம் பக்கத்தில் அவர்தான். டீசலில் தண்ணீர் சேர்ந்திருக்கும் என்று ஃபில்டரைக் கழற்றி வடித்துப் பார்த்தார், வரவில்லை. இருந்தாலும் புது ஃபில்டர் மாட்டினார். டர்போவுக்குப் போகிற குழாயில் எங்காவது காற்று கசிகிறதா என்று தடவித் தடவிப் பார்த்தார். கம்ப்யூட்டரைச் செருகினார், அது ஒரு குறையும் சொல்லவில்லை. உன் அம்மாவைச் செருகியிருந்தால் சாயங்காலம் வரை சொல்லியிருப்பாள். கடைசியில் அவரே ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "அண்ணாச்சி, வெண்ணெ மாதிரில்லா போவுது. எப்பப்பக் குலுக்குதுன்னு நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். யோசித்தேன். மற்ற நாளெல்லாம் எனக்கு ஸ்கூட்டர்தான், காரை வெளியே எடுப்பதே குற்றாலத்துக்குத்தான். போகும்போது ஒன்றும் இல்லை, திரும்பும்போதுதான் ஆட்டம். முஃபீத் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு உடனே புரிந்துவிட்டது, வெயில் ஊரிலிருந்து வந்த வண்டி, அருவிக் காற்றைக் கண்டதும் திரும்ப மனசில்லாமல் முரண்டு பிடிக்கிறது. இதை உன் அம்மாவிடம் சொன்னேன். "அப்போ அதை அங்கனயே விட்டுட்டு வாங்க, நீங்களும் துணைக்கு இருங்க" என்றாள்.

போன ஞாயிறு முஃபீத் எங்களோடு ஐந்தருவிக்கு வந்தார். "நோயாளி கூடவே இருந்து பாத்தாத்தான் தெரியும்" என்றவர், வந்ததற்கு எண்ணெயும் தேய்த்துக்கொண்டார். நமக்கு எப்போதும் தேய்த்துவிடுகிற மாடக்கண்ணுவை நீயும் பார்த்திருக்கிறாய், உச்சந்தலையில் ஆரம்பித்தால் உள்ளங்காலில் எண்ணெய் ஊறிக் குளமாகும் வரை விடமாட்டார். குளித்து முடித்து, வழக்கம்போலச் செருப்பை டிக்கியில் போட்டுவிட்டு வெறுங்காலோடு வண்டியை எடுத்தேன். இலஞ்சி விலக்கு வரும் முன்பே துள்ளல் தொடங்கிவிட்டது. முஃபீத் இன்ஜினைப் பார்க்கவில்லை, குனிந்து என் காலையே பார்த்தார். "ஓரங்கட்டுங்க அண்ணாச்சி. எல்லாரும் எண்ணெய டாங்குல ஊத்துதாங்க, நீங்க பெடல்ல ஊத்துதிய" என்றார். கால் வழுக்கும், வண்டி தொங்கும், உடனே நான் எட்டி மிதிப்பேன், அது துள்ளும், அவ்வளவுதானாம். ரோட்டோரத்தில் என்னைக் காலை நீட்டி உட்காரவைத்து, கூடையில் மிச்சமிருந்த சீயக்காய்த் தூளை உள்ளங்காலில் தேய்த்து, துண்டால் பெடலைத் துடைத்துவிட்டார். அதன் பிறகு வண்டி கல்யாணப் பெண் போலத் தலைகுனிந்து தென்காசி வந்து சேர்ந்தது.

உன் அம்மா சிரித்த சிரிப்பில் கீழப்பாவூர் ரெங்கம்மாள் பெரியம்மாவுக்குப் போன் போய், பொழுது சாய்வதற்குள் அந்த ஊருக்கே என் கால் தெரிந்துவிட்டது. போகட்டும். "வாயில்லாச் சீவனப் போயிச் சந்தேகப்பட்டுட்டனே" என்று காரின் நெற்றியில் குங்குமம் வைத்தாள், என் எதிரிலேயே வாடகைக் காரை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள். பேத்தி வீடு வந்து சேரும்வரை நான் எண்ணெய் தொடக்கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை. அதைத் தொடவும் முடியாது, அருவியில் வெள்ளம், திங்கட்கிழமையிலிருந்து குளிக்கத் தடை. ஆகவே ஆரியங்காவு வளைவுகளில் பிள்ளை கண் முழிக்காமல் தூங்கிக்கொண்டே வரும், அதற்கு நான் பொறுப்பு. மாப்பிள்ளையிடமும் தைரியம் சொல்.

காரில் மாட்டும் குழந்தை சீட்டை மறக்காமல் எடுத்து வா, இங்கே கிடைப்பதில் பிள்ளை நழுவிவிடும். விமானத்தில் காதுக்குப் பஞ்சு வை. குற்றாலநாதர் துணையில் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீடு வாழ வேண்டும்.

என்றும் உன் நலம் நாடும் அப்பா,
சிவனணைந்தபெருமாள்

பி.கு.: தபாலாபீஸ் வாசலில் நின்று இதைச் சேர்க்கிறேன். மழை என்று காரில்தான் வந்தேன். என் கால் அப்பளம் போலக் காய்ந்துதான் இருக்கிறது. வழியெல்லாம் குலுக்கியது.