இடிக்குப் பயந்து பிடுங்கிய வயர்

அக். 14, செவ்வாய்

வெயில். புழுக்கம். எழுத்து கோணல்மாணல், வரி மேலே மேலே ஏறுகிறது. படிக்கப்போவது நான் ஒருத்தன்தான், இருந்தாலும் பொறுத்துக்கொள்ளணும். தோல் கிடங்கில் கைநாட்டு வைத்தே பழகிய கை.

மருமகள் சபீனா சொல்லிக்கொடுத்த எழுத்து. நான் வாசித்துப் பழக, அவள் தன் மடிக் கம்ப்யூட்டரையே தமிழுக்கு மாற்றி வைத்திருக்கிறாள். இன்று 'சேமி' வாசித்தேன். நாகல் நகர் கடைப் பலகைகளை வாசித்துக்கொண்டே நடந்து ஆட்டோவில் இடிக்கப் பார்த்தேன். அம்புட்டு சந்தோஷம்.

அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை. சென்னைக் கம்பெனிக்குப் பாடப்புத்தகம் தட்டச்சு. முதல் வேலை. நாளை இரவுக்குள் அனுப்பணும், பிடித்தால்தான் அடுத்தது தருவார்கள். திரை சின்னது என்று, வயர் போட்டு டிவியில் விரித்துச் செய்கிறாள்.

அக். 15, புதன்

மதியத்துக்கு மேல் இடி. மாடியில் துணி எடுத்துக்கொண்டே சபீனா சத்தம் கொடுத்தாள், "மாமா, டிவி வயரைப் பிடுங்கிருங்க." இடி இடித்தால் எங்கள் தெருவே செய்வதுதான். பிடுங்கினேன். எல்லா வயரையும்.

இறங்கி வந்து பார்த்தால் புத்தகத்தைக் காணோம். டிவியில் இருந்தது சின்னத் திரைக்கு வரவில்லை. திரையின் கீழ் ஓரத்தில் அதன் பெயர் மட்டும். தொட்டால் ஒன்றுமில்லை. வயரைத் திரும்பச் சொருகுமுன் கரண்டும் போச்சு.

காலையிலிருந்து அடித்ததைச் சேமிக்கவில்லையாம். அணைந்தால் போனதுதான். பேட்டரி கொஞ்சம்தான். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஒட்டன்சத்திரத்தில் இருக்கும் அவள் தம்பி ரபீக்குக்குப் போன். எங்கேயும் போகலைக்கா, திரைக்கு வெளியே நிக்குது என்றான். வெளியே என்றால்? டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை.

ஆல்ட், ஸ்பேஸ் இரண்டையும் சேர்த்து அமுக்கச் சொன்னான். ஓரத்தில் குட்டியாக ஒரு பட்டியல். அதில் மூவ் எடு என்றான். மூவ் ஏது? எல்லாம் தமிழ். என்னால் வந்த வினை. சபீனாவுக்குக் கண் நிறைந்து எழுத்தே தெரியவில்லை.

நான் எழுத்துக் கூட்டினேன். ந, க, ர், த், து. விரலால் காட்டினேன். மங்கலாக இருந்தது, அமுங்கவில்லை.

"முழுசா விரிஞ்சு கிடக்கும் மாமா. முதல்ல பழைய அளவுக்குக் கொண்டாங்க," என்றான் ரபீக் போனில்.

அதற்கு மேலே இருந்தது 'மீட்டமை'. வாசித்தேன், அமுக்கினாள். திரும்பப் பட்டியல். இப்போது 'நகர்த்து' கறுப்பாக. அம்புக்குறி ஒரு தட்டு, பிறகு மவுஸ். வலது ஓரத்திலிருந்து புத்தகம் ஒருக்களித்து உள்ளே வந்தது.

"அம்புட்டும் இருக்கு மாமா."

சேமித்தாள். செத்த நேரத்தில் அணைந்தது.

மாலை மக்ரிப் தொழுகைக்குப் பிறகு கரண்ட் வந்தது. அனுப்பியாச்சு.

அக். 17, வெள்ளி

கம்பெனி அடுத்த புத்தகம் தந்துவிட்டது. டிவியில் விரிந்து கிடக்கிறது. இங்கிலீஷுக்கே மாற்றிவிடு என்றேன். "மாத்துனா யாரு வாசிச்சுக் காட்டுவா?" என்றாள்.

சிறுமலைப் பக்கம் கறுத்துவிட்டது. அவள் மாடியில், துணி எடுக்க. இடி. மாமா, வயரு என்கிறாள். சேமிச்சியாம்மா என்று கேட்டேன். காற்றில் கேட்கவில்லை போல.

'சேமி' தெரிகிறது. நானே அமுக்கணும். தப்பாகிவிட்டால்?

மீதி அடுத்த வாரம். இப்போது போகணும்.