முப்பத்தொன்பது நொடிக் கோப்பு

மார்ச் 4, செவ்வாய்

அத்தான் ஆள் வைத்து வாசிக்கச் செய்து பதிவாக்கும் பாடங்களில் இன்று ஆறு முடித்தேன். வாசிப்பவர்கள் விடும் இடைவெளிகளை வெட்டுவதுதான் என் வேலை. மென்பொருளில் ‘மௌனம் நீக்கு’ என்றொரு பொத்தான் இருக்கிறது; அதுவே வெட்டிவிடும். இலவச மென்பொருள். யார் யாரோ எங்கெங்கோ இருந்து சேர்ந்து எழுதியது. எழுதியதை எல்லாரும் பார்க்கும்படி திறந்தே வைத்திருக்கிறார்களாம்.

அக்காவும் அத்தானும் வெளியே போனதும் ஒலிப்பதிவு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பத்தி வாசித்தேன். எனக்குத் திக்கும். முப்பத்தொன்பது நொடி ஆனது. திக்கலை எல்லாம் வெட்டிவிட்டால் நானும் மற்றவர்கள் மாதிரிதானே? பொத்தானை அழுத்தினேன்.

சொற்களின் தலையைத் தின்றுவிட்டது. ‘தண்ணீர்’, ‘ண்ணீர்’ ஆகிவிட்டது. ‘கதவு’, ‘தவு’. நான் திணறித் தொடங்கும் எழுத்தும் அதற்கு மௌனம்தான்.

மார்ச் 5

மென்பொருளின் தமிழ்க் குழுவில் எழுதிப் போட்டேன். எழுத்தில் எனக்குத் திக்காது. அங்கே பொறுப்பில் இருப்பவர் ‘நத்தை’ என்று பெயர் வைத்திருக்கிறார். “கோப்பைப் போடுங்க. கேட்காம எதைத் திருத்துறது?”

என் குரலைப் போட மனம் வராமல் அக்காவின் குரலைப் போட்டேன். “இதுல சரியாத்தானே வெட்டுது?” என்றார். வெட்டத்தான் செய்யும். அக்கா பொரிந்து தள்ளுவாள்.

மார்ச் 6

உங்களுக்கு மட்டும் தனியாக அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

“எனக்கு மட்டும்னா நான் மட்டும்தான் மண்டையை உடைச்சுக்கணும். இங்க ஒருத்தர் கண்டுபிடிப்பாங்க, இன்னொருத்தர் திருத்துவாங்க, மூணாவது ஆள் ரெண்டு பேரையும் திட்டுவாங்க. ஆனா பொதுவுல போட்டா எப்பவும் அங்கேயேதான் இருக்கும். இஷ்டம் இல்லேன்னா விட்டுடுங்க, தப்பே இல்லை.”

எப்பவும் அங்கேயே.

வகுப்பில் எழுந்து வாசித்தபோது நாற்பது பேர் சிரித்தார்கள். அதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அந்தச் சிரிப்பாவது அந்த அறையோடு போயிற்று. இது?

மார்ச் 7

போடமாட்டேன்.

மார்ச் 9

சாப்பிட உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். “காலுல சக்கரமாடி கட்டியிருக்கு?” என்றாள் அக்கா. சொன்னேன்.

“பேரைப் போடாமலே போடு. இல்லை, போடாதே. ஏதாவது ஒண்ணு பண்ணு, என்னைப் பைத்தியமாக்காதே.”

வேறு மென்பொருள் விலைக்கு வாங்கலாம், விடு என்றார் அத்தான். அதுவும் தின்றால்? மூடி வைத்திருப்பவர்களிடம் போய் யார் கேட்பது?

மார்ச் 11

போட்டுவிட்டேன். காலை பத்து இருபதுக்கு. பத்து இருபத்தைந்துக்கு எடுத்துவிடப் போனால் — அதற்குள் நான்கு பேர் இறக்கிக்கொண்டுவிட்டார்கள். ஐயோ, என்ன பண்ணித் தொலைச்சேன்? யாரோ நாலு பேர் என்னைக் காதுல மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க.

மாலை: ‘மின்கம்பி’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். “பதினாலாவது நொடி. ‘க’வுக்கு முன்னாடி சின்னதா ஒரு காத்து வருது. அதைத்தான் முழுங்குது. பதினேழு தடவை கேட்டுக் கண்டுபிடிச்சேன்.”

“பதினேழா? காதை அடமானம் வச்சிருக்கியா? எனக்கு மூணு தடவையில கேட்டுச்சு” என்று நத்தை.

அவர்கள் ஒருவரையொருவர்தான் கேலி செய்துகொண்டார்கள். ஏன் இப்படிப் பேசுகிறாய் என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. அதுவும் ஏனோ தாங்கவில்லை. அறைக்கும் வாசலுக்குமாக நடந்தேன்.

மார்ச் 19

திருத்தம் வந்தது. ‘தண்ணீர்’ முழுசாக இருக்கிறது. ‘கதவு’ ஓரிடத்தில் இன்னும் உடைகிறது. எழுதினேன். மறுபடி பார்க்கிறார்களாம்.

ஏப்ரல் 2

‘கதவு’ம் சரியாகிவிட்டது. இனி யார் எதை மாற்றினாலும், வெளியிடும் முன் என் கோப்பை ஓட்டிச் சரிபார்ப்பார்களாம். ஒவ்வொரு தடவையும். சந்தோஷப்படணுமா?

ஏப்ரல் 23

குழுவில் புதிதாக ஒரு கோப்பு. “எனக்கும் திக்கும். ரெண்டு நிமிஷம் இருக்கு, மன்னிச்சுக்கோங்க. இங்க இருக்கிற முப்பத்தொன்பது நொடிக் கோப்பைக் கேட்டுட்டுத்தான் போடத் தைரியம் வந்துச்சு.” இதை நான்தான் பார்க்க வேண்டும் என்று நத்தை எழுதியிருந்தார்.

கேட்டேன். ஆண் குரல். ஐம்பதாவது நொடியில் நிற்கிறது. திரையில் குரலைக் காட்டும் கோடு தட்டையாகவே போகிறது. என் விரல் தானாக முன்னே ஓட்டும் விசைக்குப் போனது. கையை மடியில் வைத்துக்கொண்டேன். உதடு ஒட்டும் சத்தம். மூச்சு. மறுபடி உதடு. பதினொரு நொடி கழித்து, “பேருந்து.”

மன்னிப்பெல்லாம் வேண்டாம் என்று எழுதினேன். கீழே, நத்தைக்கு: “ஐம்பதிலிருந்து அறுபத்தொன்று வரை பேசிக்கொண்டிருக்கிறார். வெட்டக் கூடாது.”