கர்ட்டிஸ் அறையில் இருந்த என் துப்பாக்கி

நவம்பர் 9, ஞாயிறு

அன்பு மகள் ரமோனாவுக்கு,

இங்கே அம்மாவும் நானும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், குளிர் முழுதாக வருவதற்குள்ளேயே அவள் முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பித்துவிட்டது, மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. அலாஸ்காவில் இப்போதே வண்டி புதைகிற அளவுக்குப் பனி என்று டி.வி.யில் காட்டினார்கள், நீ சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். கடை ஓடுகிறது. பழைய வாஷிங் மெஷினுக்கும் ஃபிரிட்ஜுக்கும் ஆள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள், தூக்கி இறக்கத்தான் கர்ட்டிஸ் இல்லை. அவனைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் என்றால் பாதியில் நான் பேச்சை மாற்றிவிடுவேன், என் வாயைப் பற்றி எனக்குத் தெரியும்.

உன் தம்பி அறையில் போலீஸ்காரர்கள் துப்பாக்கி எடுத்தார்கள் என்று கேட்டதும் நீ அம்மாவிடம், “அவன் திருந்தவே மாட்டாம்மா, இனிமே அவன் பேரையே என்கிட்ட எடுக்காதீங்க” என்று சொன்னாய். ஏழு வாரமாகிறது. ஸ்பீக்கர் போட்டிருந்தாள், நான் எதிரில் காபி குடித்துக்கொண்டிருந்தேன், எல்லாம் கேட்டது, வாயைத் திறக்கவில்லை. ரமோனா, அந்தத் துப்பாக்கி என்னுடையது. என் அப்பா மான் வேட்டைக்குக் கொண்டுபோன அதே ரைஃபிள்தான். ஏப்ரலில் மழைத் தண்ணீர் கீழ்த்தளத்தில் ஏறியபோது நான்தான் அவனிடம் கொடுத்து அவன் அலமாரி மேல்தட்டில் வைக்கச் சொன்னேன், அங்கேதான் ஈரம் இல்லை என்றேன். சிறைக்குப் போய் வந்தவன் துப்பாக்கியைத் தொடக்கூடாது என்பது அவனுக்குத் தெரியும், தயங்கினான். “நம்ம வீட்டுக்குள்ள யாருடா பாக்கப் போறா” என்று நான் சிரித்தேன். இந்த மலைப்பக்கத்தில் மான் ரைஃபிளை யார் துப்பாக்கி என்று நினைக்கிறார்கள், கோட்டும் குடையும் மாதிரி அதுவும் ஒரு வீட்டுச் சாமான். தண்ணீர் வடிந்தது, நான் அதைத் திருப்பி இறக்கவில்லை, மறந்தே போனேன்.

செப்டம்பரில் ஒரு புதன்கிழமை மத்தியானம் லைல் வந்தான், ஷெரீஃப் ஆபீசில் இருக்கிறானே, என்னிடம் துணி உலர்த்துகிற டிரையர் வாங்கியவன், இன்னொரு போலீஸ்காரனும் கூட. அம்மா சர்ச்சுக்குப் போயிருந்தாள். ஆற்றங்கரையில் வேட்டைக்காரர்கள் தங்குகிற முகாமில் ஒரு ஜெனரேட்டர் திருட்டுப் போய்விட்டது, அந்தப் பக்கம் கர்ட்டிஸ் வண்டியைப் பார்த்ததாக யாரோ சொன்னார்களாம். “சும்மா ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடறோம்ணே” என்றான். கடையில் எவன் வந்தாலும் மூடியைத் திற, கதவைத் திற, நன்றாகப் பார்த்து வாங்கு என்று சொல்லியே பழகியவன் நான், மறைக்கிறவன்தான் தயங்குவான் என்பது என் எண்ணம். கர்ட்டிஸ் படிக்கட்டிலிருந்து இறங்கி வந்து என் காதோரம், “அப்பா, வேணாம்பா, நீதிபதி உத்தரவு கொண்டுவரச் சொல்லுங்க” என்றான். நீ போய் உட்காருடா என்று அடக்கினேன். சோதனை போடச் சம்மதம் என்று ஒரு தாள் நீட்டினான் லைல். ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். லாரிக்காரன் ரசீதைக்கூட இரண்டு தடவை படிக்கிறவன் நான்.

கொட்டகை, கீழ்த்தளம் எல்லாம் பார்த்தார்கள், ஜெனரேட்டர் இல்லை. அப்புறம் மாடியையும் பார்த்துவிடட்டுமா என்றான் லைல். இரண்டு பேர் சேர்ந்து தூக்குகிற ஜெனரேட்டரை எவன் துணி அலமாரிக்குள் வைப்பான் என்று உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. கேட்கவில்லை, போங்க என்றேன். இதை உன் அம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை. மூன்று வாரமாகக் கர்ட்டிஸ் செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் எங்கே போகிறான் என்று சொல்லாமல் போய் வந்துகொண்டிருந்தான். பழையபடி போதை மாத்திரை ஆரம்பித்துவிட்டானோ என்று எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. அவன் அறைக்குள் போய் நானே பார்க்கத் தைரியமில்லை. அவர்கள் பார்க்கட்டும் என்று விட்டேன்.

மாத்திரை ஒன்றும் இல்லை என்று லைலே சொன்னான், கர்ட்டிஸின் பழைய கதை அவனுக்கும் தெரியும். என் ரைஃபிள் இருந்தது. என்னுதுப்பா, என்னுது என்று லைலிடம் எத்தனையோ தடவை சொன்னேன். அவனுக்கும் முகம் செத்துப்போயிற்று, “யாருதுங்கறது இல்லண்ணே, யாரு ரூம்ல இருக்குங்கறதுதான்” என்று சொல்லிக்கொண்டே விலங்கை எடுத்தான். அந்த வாரங்களில் கர்ட்டிஸ் போய் வந்தது பக்கத்து ஊர் சர்ச்சில் மாத்திரையை விட்டவர்கள் கூடுகிற கூட்டத்துக்கு. முகாமைத் தாண்டித்தான் வழி. ஜெனரேட்டரைத் திருடியவன் வேறொருவன், பத்து நாளில் அகப்பட்டுவிட்டான்.

வக்கீல் அம்மாள் நல்லவர்தான், மழுப்பாமல் சொல்லிவிட்டார். நான் வேண்டாம் என்றிருந்தால் உத்தரவு வாங்க அவர்கள் கையில் போதுமான காரணம் இல்லையாம். கர்ட்டிஸ் என் காதில் சொன்னதை லைலின் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால்கூட அவன் வழக்கு வேறு மாதிரி போயிருக்குமாம். விசாரணையில் என்னைக் கேட்டார்கள், உங்கள் மகன் அதிகாரிகளிடம் மறுப்புச் சொன்னாரா என்று. என்னிடம்தான் சொன்னான், நான்தான் அவன் வாயை அடக்கினேன் என்று உள்ளதைச் சொன்னேன். அத்தோடு அந்தக் கதவும் அடைபட்டது. டிசம்பர் 12 தீர்ப்பு. மூன்று வருஷத்துக்குக் குறையாது என்கிறார். அம்மா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள், “உங்களுக்கு விக்கத் தெரியும், ஒருத்தனைத் திருப்பி அனுப்பத் தெரியாது.” அதற்கப்புறம் தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறாள்.

போன ஞாயிறு சிறையில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவனிடம் மன்னிப்புக் கேட்டேன், ரைஃபிளுக்காக. அதை விடுங்கப்பா, ரெண்டு பேரும்தானே மறந்தோம் என்றான். பிறகு, “மாத்திரை எதுவும் இல்லன்னு லைல் சொன்னப்ப உங்க மூஞ்சியப் பாத்தேம்பா. உங்களால நம்ப முடியல” என்றான். கோபமாகச் சொல்லவில்லை.

அவன் திருந்தவில்லை என்று நீயும் நம்பிவிட்டாய், அது உன் தப்பில்லை, என் மௌனத்தைக் கேட்டுத்தான் நம்பினாய். என்னோடு எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு. உன்னைப் பற்றி அவன் ஒவ்வொரு தடவையும் கேட்கிறான், வேலை அதிகம் என்று நான் பொய் சொல்லி வருகிறேன், இனி சொல்ல மாட்டேன்.

ஆஸ்பத்திரி வேலை முடிந்து வரும்போது மெதுவாக ஓட்டு, கண்ணு. குளிர்கால டயரை இப்போதே மாற்று, தள்ளிப்போடாதே. கடவுள் உன்னை நோய் நொடியில்லாமல் வைக்கட்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவனுக்குச் சிறையில் போன் முறை, உனக்குத்தான் போடுகிறான். முதலில் ஒரு இயந்திரக் குரல் வரும், அதைக் கேட்டதுமே நீ வைத்துவிடுகிறாயாம், இடையில் பெயர் சொல்ல அவனுக்கு இரண்டு நொடி கொடுப்பார்கள். அவன் தன் பெயரைச் சொல்வதில்லையாம், “அக்கா, நான்தான்” என்கிறானாம். அதுவரைக்குமாவது வைக்காமல் கேள்.

உன் அப்பா,
வெர்னன்