சிவப்பு பட்டன்

சங்கரன்கோவில்
12.8.2005

அன்பு மகள் சந்திரலேகாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் தம்பி வசந்தும் சுகம். நீயும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை, நேற்று போனில் நீ அழுத அழுகை இன்னும் காதுக்குள்ளேயே இருக்கிறது. 'எனக்குப் புத்தியே கெடையாதும்மா' என்றாயே, அதைக் கேட்டுவிட்டு அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. வேலையை நிரந்தரமாக்க கம்பெனியில் வைத்த பரீட்சையில் ஒரு சின்னப் பத்தியைக் கொடுத்து, மையக்கருத்தை ஒரு வரியில் எழுதச் சொன்னார்கள். பக்கத்தில் நிற்பவளின் துப்பட்டா மெஷினில் மாட்டியதும் ஒருத்தி சிவப்பு பட்டனை அழுத்தி லைனையே நிறுத்துகிறாள், அன்றைய டார்கெட் போகிறது, சூப்பர்வைசர் கத்துகிறார், கடைசியில் மேனேஜர் வந்து அவளைப் பாராட்டுகிறார். இவ்வளவுதான் கதை. நீ எழுதியது, சிவப்பு பட்டனைத் தொடக் கூடாது என்று. அதை அந்த ஆபீசர் எல்லோர் முன்னாலும் வாசித்து, 'இன்னாம்மா, கடைசி வரிய நீ படிக்கவே இல்லியா' என்று சிரித்தாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் தமிழில் முதல் மார்க் வாங்கியவள் நீ. அதனால்தான் கேட்டேன், உங்கள் லைனில் யாராவது அந்தப் பட்டனை அழுத்தியிருக்கிறார்களா என்று. அப்போதுதான் சொன்னாய், 'சரோஜாக்கா அழுத்துனாவம்மா, மறுநாளே வேலைக்கு வர வேண்டாம்னு சொல்லிட்டாவ.' பாவி மகளே, தாளில் இருந்ததை விட்டுவிட்டு நீ கண்ணால் கண்டதை எழுதியிருக்கிறாய். இதற்கா புத்தி இல்லை என்று அழுகிறாய்?

வருகிற புதன்கிழமை மறுபடியும் பரீட்சை என்றாய். நிதானமாகப் படி, கடைசி வரியை இன்னொரு தரம் படி, அவர்கள் தாளில் என்ன இருக்கிறதோ அதற்கு மட்டும் பதில் எழுது. சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி கம்பெனிக்குப் போகும்போது ஷேர் ஆட்டோவில் விளிம்பில் உட்காராதே. பின்னலைச் சுருட்டிக் கட்டு, துப்பட்டாவுக்கு ஊக்குப் போடு. பரீட்சையில் எதை எழுதினாலும் சரி, லைனில் எவளுக்காவது ஆபத்து என்றால் யோசிக்காமல் பட்டனை அழுத்து. வேலையை விட்டு அனுப்பினால் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடு, அப்பாவும் அதையேதான் சொல்கிறார். நாளைக்கு உன் துப்பட்டாவே மாட்டினால், பக்கத்தில் நிற்பவளும் உன்னை மாதிரிதானே சரோஜாவுக்கு நடந்ததைப் பார்த்துவிட்டு பட்டனைத் தொடாமல் நிற்பாள். அந்தப் பயம்தான் எனக்கு.

கோமதியம்மன் துணையிருப்பாள், நல்லா இருப்பாய். மறக்காமல், உன் பக்கத்தில் நிற்கும் வேல்விழிக்கும் இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டு.

உன் அம்மா,
சொர்ணம்மாள்